நாற்பதாம் நாள் ஒயின்

ஸானிஸ் எப்போது வேண்டுமானாலும் சாகத் தயாராக இருந்தார். அதற்கான ஒயினை ஒரு பீப்பாயில் எடுத்தும் வைத்துவிட்டார்.

கிரேக்க நாட்டு சிஃப்னோஸ் தீவில் ஒருவர் செத்த நாற்பதாம் நாள், கோயில் பூசை முடிந்ததும் ஊருக்குச் சாப்பாடு போடுவார்கள். கிளாஸைத் தூக்கும் ஒவ்வொருவரும், "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்கள். போன வருஷம் அண்ணனின் நாற்பதாம் நாளில் அண்ணி ஊற்றியது ஒயினே இல்லை, பாட்டில் கழுவின தண்ணி. ஆளுக்கொரு கிளாஸ், ஆளுக்கொரு மன்னிப்பு, எழுந்து போய்விட்டார்கள். அண்ணன் பண்ணின அட்டூழியத்துக்கு அந்த மன்னிப்பு எந்த மூலைக்கு? ஸானிஸ் தன் கணக்கையும் போட்டுப் பார்த்தார். அவர் பங்குக்கும் பாவம் கொஞ்சம் கிடந்தது.

அன்றைக்கே முடிவு செய்தார். நல்ல ஒயினாக இருந்தால் நாலு கிளாஸ் இறங்கும், நாலு தடவை மன்னிப்பும் கிடைக்கும். நிலவறையில் இருந்த சின்னப் பீப்பாயைத் தன் சாவுக்கென்று ஒதுக்கினார். திராட்சையை வெயிலில் வதக்கிப் பிழிந்த, கருஞ்சிவப்பு ஒயின். அதோடு சரி. மழை பொய்த்துக் கொடி அத்தனையும் பட்டுப்போனது. இனிமேல் அப்படி ஒரு ஒயின் அந்த வீட்டில் கிடையாது.

அந்தப் பீப்பாய்க்குத்தான் ஆபத்து வந்தது, அந்தோணியார் ரூபத்தில்.

போன குளிர்காலத்தில் ஸானிஸ் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டபோது மனைவி மாரூசா வேண்டிக்கொண்டாள். புருஷன் பிழைத்தால் அந்தோணியார் படத்தை ஒரு வருஷம் வீட்டில் வைத்து விளக்கேற்றி, திருநாளன்று ஊருக்கே விருந்து போடுவதாக. மனுஷன் பிழைத்துத் தொலைத்தார். நாளைக்குத் திருநாள். மழை விட்டபாடில்லை. கடல் கொந்தளித்ததில் கப்பல் வரவில்லை, கடையில் ஒரு பாட்டில் ஒயின்கூட இல்லை.

"என்னங்க, பீப்பாயைத் திறங்க."

"எந்தப் பீப்பாய்?"

"நம்ம வீட்ல என்ன ஊர்ப்பட்ட பீப்பாயா இருக்கு?"

"அது என் நாற்பதாம் நாளுக்குடி."

"ஏன், தேதி குறிச்சாச்சா?"

"இந்த ஈரத்துல எப்ப வேணா போயிடுவேன். நெஞ்சு கரகரங்குது."

"அது காலைல மெல்லாம முழுங்கின காஞ்ச ரொட்டி. அந்தோணியார் உசுரையே குடுத்திருக்காரு, நீங்க ஒரு கிளாஸ் ஒயின் குடுக்க மாட்டீங்க?"

இதற்கு மேல் பேசி ஜெயிக்க முடியாது என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஸானிஸுக்குத் தெரியும். கூஜாவை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். இறங்கிய வேகத்தில் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்து, ஜாடியிலிருந்த வினிகரைக் கூஜாவில் ஊற்றிக்கொண்டு, இழவு வீட்டு முகத்தோடு வந்து நின்றார்.

"மோசம் போயிட்டோம் மாரூசா. புளிச்சுப் போச்சு. அத்தனையும் வினிகர்."

அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. கூஜாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சாமி முன்னாடி சொல்லுங்க."

அந்தோணியார் விளக்கு வெளிச்சத்தில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸானிஸ் கொஞ்சம் யோசித்தார்.

"இந்தக் கூஜாவுல இருக்கறது வினிகர். சத்தியம்."

மாரூசா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று பார்த்தார். கத்தவில்லை. கண்தான் கலங்கியது. "சரி விடுங்க. விருந்துக்கு வர்றவங்க தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். கடலைப் பானைங்களைக் கொண்டுபோய் ஊர்ப் பொது அடுப்புக்காரர்கிட்ட குடுங்க, ராத்திரி முழுக்க வேகணும்."

கொண்டைக்கடலையும் வெங்காயமும் எண்ணெயும் நிரம்பிய மண்பானைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மழையில் கிளம்பினார். வழி நெடுக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவருடைய உயிருக்காக வேண்டிக்கொண்டவள் ஊருக்கு முன்னால் தலைகுனிந்து தண்ணி ஊற்றப்போகிறாள். திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் நரகத்தை நினைத்தார், அண்ணனை நினைத்தார், வண்டியைத் தள்ளினார்.

திரும்பி வந்தபோது அவர் வீட்டு நிலவறை வாசலில் பெண்கள் கூட்டம். பக்கத்து வீட்டு அனேஸோ ததும்பும் கூஜாவோடு எதிரில் வந்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. காட்டு வெங்காயம் ஊறப்போட வினிகர் இல்லாம தவிச்சிட்டிருந்தேன்."

ஸானிஸ் வண்டியை அப்படியே விட்டார். விழுந்தடித்து உள்ளே போனார். மாரூசா பீப்பாய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"வீணாப் போற பொருள். நாலு பேருக்காவது உதவட்டுமேன்னு கூப்பிட்டேன்."

"கொஞ்சம் நமக்கு வச்சுக்கலாம்ல?"

"இவ்வளவு வினிகரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? குளிக்கவா?"

"கெட்ட வினிகர்மா. எல்லாருக்கும் வயித்தைப் புடுங்கும்."

"பரவால்லண்ணே," என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி. "எங்க வீட்டுக்காரருக்கு எப்பவும் புடுங்கறதுதான்."

ஒயின் என்று சொன்னால் ஊர் முன்னால் குட்டு உடையும். சொல்லாவிட்டால் பீப்பாய் காலியாகும். அவர் வாயைத் திறப்பதற்குள் குழாய் சொட்டி நின்றுவிட்டது. பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் கோயிலை ஒட்டிய சாப்பாட்டுக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. கடலைப் பானைகள் வந்தன. பின்னாலேயே பெண்கள் வந்தார்கள், ஒவ்வொருத்தி கையிலும் நேற்றைய கூஜா. சாமியார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"யார் வீட்டு ஒயின் இது?"

மாரூசா எழுந்தாள். "இவரோடதுதான் சாமி. தான் செத்த பிறகு நீங்கல்லாம் குடிக்கணும்னு ஆசையா வச்சிருந்தாரு."

யாரோ ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் கிளாஸைத் தூக்கினார். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்." அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். குடித்தார்கள். மறுபடி ஊற்றினார்கள், மறுபடி சொன்னார்கள். ஸானிஸ் கரண்டியும் கையுமாகத் தன் நாற்பதாம் நாளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கம் வந்து சேர்ந்த கூஜா காலி.

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றார் மெல்ல.

"என் வினிகர்ல நான் ரோஸ்மேரி குச்சி போட்டு வைப்பேன். பீப்பாய்க்குள்ள அது எப்படி முளைச்சுதாம்?"

ஸானிஸ் பெருமூச்சு விட்டார். கூடமே நாலாவது தடவையாக அவரை மன்னித்துக்கொண்டிருந்தது. "அப்ப நான் நிஜமா செத்தா என்ன குடுப்ப?"

மாரூசா அவர் தட்டில் இன்னொரு கரண்டி கடலை வைத்தாள்.

"அதான் முடிஞ்சிடுச்சே. அன்னைக்கு வெறும் காபிதான்."