நேத்துக்காரரின் பண்டிகைக் கோழி

கொல்லிமலை ஏறி வந்த மனிதர்களில் நேற்றை இவ்வளவு நம்பியவர் வேறு ஒருவர் இருந்திருக்க மாட்டார். ஊரில் அவருக்குப் பெயர் நேத்துக்காரர். சொந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. கொச்சியில் பிறந்த யூதர். மிளகு வாங்க மலையேறிக்கொண்டிருந்தவர், மனைவி காலமான பிறகு எடப்புளி நாடு என்கிற மலைக்கிராமத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார். மற்ற பாதியில் நான். செல்போன் டவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டவரைவிட அவரைப் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

சாதாரண நாட்களில் அவரும் நம்மைப்போல் மனிதர்தான். அவர்களுடைய பண்டிகை வந்தால் போச்சு. அன்றைக்குச் சமைக்கலாம், ஆனால் தீக்குச்சி உரசக்கூடாது. முதல்நாளே ஏற்றிய விளக்கிலிருந்துதான் அடுப்புக்குத் தீ எடுக்க வேண்டும். கோழி அறுக்கலாம், ஆனால் கத்தியை அன்றைக்குத் தீட்டக்கூடாது. கோழியின் இரத்தத்தை மண் போட்டு மூட வேண்டும், அந்த மண்ணையும் முதல்நாளே அள்ளி வைத்திருக்க வேண்டும். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நேத்தே செஞ்சிருக்கோணுமுங்க."

ஒரு பண்டிகையன்று அவர் கோழி வாசற்படியில் முட்டை இட்டுவிட்டது. பண்டிகையன்று பிறந்த முட்டையை அன்றைக்குத் தின்னவும் கூடாது, நகர்த்தவும் கூடாது. மனிதர் வலிக்கிற முழங்காலைத் தூக்கித் தூக்கி அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். எடுத்து ஓரமாக வைக்கட்டுமா என்றேன். வாசற்படி கொஞ்சம் குறுகல்தான் என்றார். பிறரை நேராக ஏவவும் கூடாதாம், இப்படிக் குறிப்பாகத்தான் சொல்லலாமாம். எடுத்து வைத்துவிட்டு, கோழிக்கும் நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இருக்கலாம் என்று யோசித்தார்.

அவருக்கு வெளிநாட்டில் ஒரே மகன். அந்த மலையில் நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லை, ஒரு பண்டிகையை ஒழுங்காகக் கொண்டாட முடியுமா, புறப்பட்டு வாருங்கள் என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான். இவருக்கோ இந்தக் குளிரையும் மிளகுக் கொடியையும் விட்டு வேறு ஊர் வேண்டாம். போன வருடம் ரோஷம் வந்துவிட்டது. நீயே வந்து பார், என் கையால் அறுத்து முறைப்படி பண்டிகை விருந்து வைக்கிறேன், வைத்துவிட்டால் சாகும்வரை இங்கேதான், முடியாவிட்டால் உன்னோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மகனும் சரி என்றான்.

பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்காவிடம் ஒரு சேவல் வாங்கினார். முதல்நாள் பொழுது சாயும் முன்பே அதைக் கூடை போட்டுக் கவிழ்த்து, நாளை விருந்துக்கு இதுதான் என்று வாய்விட்டுச் சொன்னார். மண் தயார், விளக்கு தயார், பிசிறு இருக்கிறதா என்று கத்தியை நகத்தில் ஓட்டிப் பார்த்தாயிற்று. மகனும் காரில் வந்து இறங்கினான்.

காலையில் கூடையைத் தூக்கினால், உள்ளே கொழுத்த பெட்டைக்கோழி. பின்னாலேயே பொன்னம்மா அக்கா வந்து நின்றார். முகமெல்லாம் பெருமை.

"ஏனுங்க, கடல் தாண்டி வந்த பையனுக்கு அந்த நோஞ்சான் சேவலையா அறுப்பீங்க? ஊருக்கே கேவலமில்லீங்களா? அதான் வெடியால வந்து எங்கூட்டு முட்டைக்கோழிய மாத்தி வெச்சுட்டனுங்க. இருக்கறதுலயே இதுதானுங்க ஒசத்தி."

சேவல் எங்கே என்று நான் பதறிக் கேட்டேன். அது அக்கா வீட்டுக் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

முட்டைக்கென்று வளர்க்கிற கோழியை, இது கறிக்கு என்று முதல்நாளே ஒதுக்கி வைக்காமல் பண்டிகையன்று அறுக்கக்கூடாது. இதுவும் அவர் சட்டம். அன்றைக்குக் காசு கொடுத்து எதையும் வாங்கக்கூடாது என்பதால் வேறு சேவலுக்கும் வழியில்லை. அவர் முகம் செத்துவிட்டது. மகன் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னான்: யார் பார்க்கப் போகிறார்கள், அறுங்கள். எனக்கே புரிந்தது. அவர் கத்தியை உறையில் போட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கோழிக்காக ஊரை விட்டுப் போவீர்களா என்று கேட்டேன். இருப்பதில் நல்லதைக் கொண்டுவந்து கொடுத்து ஒருவரை ஊரை விட்டே அனுப்ப முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்றும் புரியாமல் நின்ற அக்கா, கோழி பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

"புடிச்சதுனாலதானுங்க அறுக்க மனசு வரல" என்றார் நேத்துக்காரர். "முட்டைக்கோழிய ஒருத்தர் மனசாரக் குடுத்தா, எங்க வழக்கத்துல அத அறுக்க மாட்டமுங்க. கொண்டுபோய் வளத்துங்க."

மதியம் மூவரும் சோறும் மரவள்ளிக் கிழங்கும் தின்றோம். மகன் "பார்த்தீர்களா" என்று ஒரு வார்த்தை சொன்னான். அவ்வளவுதான். அந்தப் பையன் கெட்டவனல்ல. அப்பா கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டான், அப்பாவும் அதை மீறவில்லை. இருவர் மீதும் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பண்டிகை முடிந்ததும் பெட்டியைக் கட்டினார். காரில் ஏறும்முன் என் கையைப் பிடித்து, "அந்தம்மாகிட்டச் சொல்லீராதீங்க" என்றார். சட்டத்தில் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்காத மனிதர், பொன்னம்மா அக்காவுக்காக முழுப்பொய் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் சனம் மனசாரக் கொடுத்த கோழியை அறுக்காது என்று அக்கா இன்றைக்கும் ஊரெல்லாம் பெருமை பேசுகிறார். நானும் தலையாட்டுகிறேன்.

அந்தப் பாதி வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரர் என்னைத் தொந்தரவு செய்கிறார். கேட்டு வருகிறவர்களிடம் ஓடு ஒழுகுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒழுகவில்லை. அங்கே வேறு ஒருவர் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.