உளவாளிக்குள் ஒளித்த காகிதம்

என் மனைவியிடம் ஒரு விஷயத்தை மறைத்தே தீருவது என்று அன்று சாயங்காலம் முடிவெடுத்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது.

என் வலது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. வியாழக்கிழமை கத்தி வைக்கவேண்டும் என்றார் டாக்டர். பிழைப்பேனா என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஆயுசு பூராவும் ஊரையெல்லாம் மேலே அனுப்பியாயிற்று, இப்போது என் முறை போலிருக்கிறது என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

முந்தின வருஷம்தான் என் மனைவி தன் அக்காவை இதே மாதிரி ஒரு கட்டிக்குப் பறிகொடுத்திருந்தாள். அதனால்தான் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானம். ஆனால் ரிப்போர்ட்டை எங்கே வைப்பது? அலமாரி, பரண், என் சட்டைப்பை எல்லாமே அவள் ராஜ்ஜியம். என் சொத்து என்று வீட்டில் இருந்தது ஒரு பழைய நாவல் மட்டும்தான்.

பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முந்நூறு கொலைக்கதை எழுதித் தள்ளிய ஒருவர், ரத்தம் பார்த்து அலுத்துப்போய் விளையாட்டாக எழுதிய உளவாளிக் கதை. தூதரகத்தில் ஒளிந்திருக்கும் துரோகியைத் தேடுகிற கதாநாயகன் மகா சூரன். ஒரே குறை, திரைக்குப் பின்னால் ஒளிந்தால் தும்மிவிடுவான். சுட வந்தவனே கைக்குட்டை எடுத்துக் கொடுப்பான். ஸ்கேனுக்குக் காத்திருந்த இடத்தில் அதைப் பாதிவரை படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த அம்மாள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

துப்பாக்கி படம் போட்ட அட்டையைக் கண்டாலே என் மனைவி முகம் சுளிப்பாள். தொடமாட்டாள் என்ற தைரியத்தில் ரிப்போர்ட்டை எண்பதாம் பக்கத்தில் செருகினேன். வெளியூரில் புது லிப்ட் மாட்டுகிற வேலை, வரப் பத்து நாள் ஆகும் என்று அவளிடம் சொன்னேன். ஒரு கேள்வி கேட்காமல் பையைக் கட்டிக் கொடுத்தாள். பொய் இவ்வளவு சுலபமா என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொள சட்டைகள் நாலு. நான் ஒளித்துவைத்த ரிப்போர்ட், மடிப்பு நீக்கி ஓர் உறையில். அடியில் நாவல். நிமிர்ந்தால், வாசலில் அவளே நிற்கிறாள், கையில் ஃபிளாஸ்கோடு.

நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு தினமும் அந்த நாவலைத்தான் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். எண்பதாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டதாம்.

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு நாவலை எடுத்துப் பின் அட்டையைத் திறந்து காட்டினாள். கதை பாதி வாக்கியத்தில் நின்றது. "கடைசிப் பதினாறு பக்கத்தைக் கிழிச்சு வீட்டுல வச்சிருக்கேன். யாரு துரோகின்னு தெரியணும்னா திரும்பி வாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. புத்தகத்தைக் கிழிக்கிற பெண்பிள்ளையோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்? ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதும் சமையல்காரனா, தூதரா என்றுதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். மயக்க ஊசி ஏறியபோது தூதர் பக்கம் சாய்ந்திருந்தேன். சாவைப் பற்றி நினைக்க நேரமே கிடைக்கவில்லை.

சிறுநீரகம் போயிற்று. கட்டி கெட்ட ஜாதிதான். முழுசாக எடுத்தாகிவிட்டது, ஆனால் மறுபடி வராது என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். பதினோராம் நாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். கட்டிலில் சாய்ந்ததும் முதல் வேலையாகக் கையை நீட்டினேன்.

"எங்கே அந்தப் பதினாறு பக்கம்?"

தலையணையைச் சரிசெய்தபடியே சொன்னாள்: "அதுவா? நீங்க வாங்கிட்டு வரும்போதே அது இல்லீங்க."