ஹெட்மாஸ்டர் சொன்ன படம்

"இப்ப இன்னா ஆச்சு?" என்று கனகா நாலாவது தடவையாகக் கேட்டாள்.

"சண்டை," என்றான் ராஜாராம்.

"யாரு யாரை அடிக்கிறாங்க?"

"ரெண்டு பேரும்தான்."

"இதுக்கு வூட்லயே ரேடியோ கேட்டுகினு இருந்திருப்பேன்."

அது 1981, ஊனமுற்றோர் ஆண்டு. உத்திரமேரூர் டென்ட் கொட்டகையில் இளைஞர் மன்றம் மூன்று நாள் திரைப்பட விழா நடத்தியது. மூன்று படங்களிலும் ஊனமுற்றவர்தான் கதாநாயகர். ஊனமுற்றோருக்கு முதல் வரிசை நாற்காலி. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் கனகாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுக்குப் படம் சொல்ல மன்றம் போட்ட ஆள் ராஜாராம்.

பக்கத்து நாற்காலியில் விழாத் தலைவர் வேதாசலம் நெளிந்தார். உள்ளூர் ஹெட்மாஸ்டர். சினிமா குடும்பத்தைக் கெடுக்கும் என்று வாரம் தவறாமல் பிரேயரில் பேசுகிறவர். பி.டி.ஓ. சொன்னாரே என்று தலைவராக ஒத்துக்கொண்டிருந்தார். மனைவி உண்ணாமலையையும் அன்றுதான் முதன்முதலாகக் கொட்டகைக்குக் கூட்டி வந்திருந்தார்.

"தள்ளுப்பா," என்றார் ராஜாராமிடம். "நான் சொல்றேன். அந்தத் தபால்காரனுக்கு ஒரு கால் வராதும்மா. கட்டையை ஊனிக்கிட்டு ஆத்துல இறங்கறான். பையைத் தலைமேல வெச்சிக்கிட்டான். கரையில அந்தப் பொண்ணு நிக்குது. பாக்காத மாதிரி பாக்குது."

கனகா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"யோவ், முன்னாடி பேசாத!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேதாசலம் குரலைத் தாழ்த்தினார்.

"காதுல விழல சார்," என்றாள் கனகா. மானாம்பதியிலிருந்து வந்திருந்த பார்வையில்லாத அண்ணன் தம்பி இரண்டு பேரும், "எங்களுக்கும்தான்!" என்றார்கள்.

ராஜாராம் ஓடிப்போய் வரவேற்புரைக்கு வைத்திருந்த மைக்கைக் கொண்டுவந்து நீட்டினான். இப்போது ஹெட்மாஸ்டர் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. படத்தின் வசனம் யாருக்கும் கேட்கவில்லை. ஒரே கூச்சல். ஆபரேட்டர் எதைக் குறைப்பது என்று தெரியாமல் படத்தின் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டார்.

வேறு வழியில்லை. வசனத்தையும் வேதாசலமே பேசினார். தபால்காரனுக்குக் கனத்த குரல். கதாநாயகிக்குக் கீச்சுக் குரல். அவருடைய மாணவர்கள் தரையில் புரண்டு சிரித்தார்கள். காது கேட்காத டெய்லர் பாண்டுரங்கன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரையை விட்டுவிட்டு ஹெட்மாஸ்டரையே பார்க்க ஆரம்பித்தார். வேதாசலத்துக்கு எதுவும் கண்ணில் படவில்லை. அவர் ஆற்றங்கரையில் இருந்தார்.

"வேணாம்டா! அந்தக் கடுதாசியைப் பிரிக்காதடா! உங்கம்மா செத்துட்டாங்கன்னு எழுதிகீது!" என்று மைக்கில் தேம்பினார்.

திரையில் தபால்காரன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மாணவர்கள் சிரிப்பை விட்டுவிட்டுத் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார்," என்றான் ராஜாராம் மெல்ல, "கடுதாசியே இன்னும் வரலியே?"

"ஒரு... ஊகம்தான்," என்றார் வேதாசலம்.

கால் மணி நேரம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மாவும் இறந்துபோயிருந்தாள். பெண்கள் பக்கமிருந்து உண்ணாமலை தன்னைப் பார்ப்பது அவர் முதுகில் உறைத்தது.

படம் முடிந்ததும் வாசலில் மடக்கினாள்.

"போன மாசம் இதே படம் இங்க ஓடிச்சு. தினம் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸுன்னு போனீங்களே, அந்த கிளாஸு எங்க நடந்துச்சு?"

"உண்ணாமலை, அது வந்து... கடைசி பெஞ்சுலதான்... தலையில துண்டு போட்டுகினு..."

"சினிமா குடும்பத்தைக் கெடுக்கும்னு எனக்கு ஒரு படம் காட்டலியே! நான் இன்னா பாவம் பண்ணேன்?"

கூட்டம் சுற்றி நின்று கேட்டது. கோலைத் தட்டியபடி அந்தப் பக்கமாக வந்த கனகா, உண்ணாமலையின் குரல் கேட்டதும் சட்டென்று நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீயா! போன மாசம் தினம் என் பக்கத்துல உக்காந்து இதே படத்தைச் சொன்னியே, சண்டை வந்தா கண்ணை மூடிக்குவியே, சார் சொன்னதுல பாதிகூட நீ சொல்லலியேக்கா!"