இன்னும் ஒரே ஒரு அமுக்கு

மார்ச் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு பத்துக்கு, கிடங்கு முற்றத்துச் சரிவில் நின்ற லாரியின் க்ளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரவில்லை.

தம்பி அதைக் கால் நுனியால் தூக்கிவிட்டு மறுபடி அமுக்கினான். வெண்ணெயில் மிதித்தாற்போல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

வயது நாற்பத்திரண்டு ஆகியும் எல்லோருக்கும் அவன் தம்பிதான். அவன் ஓட்டும் லாரியின் முதலாளி அவனுடைய அக்கா என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. போன மாதம் நடுரோட்டில் வண்டி நின்றபோது அக்கா சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "இன்னொரு தடவை வண்டி நின்னுச்சு, சாவிய மேசை மேல வச்சிட்டுப் போயிட்டே இரு. கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன்." அக்கா கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம். மெதுவாகப் பேசினால் முடிந்தது.

போன் அடித்தது.

"வண்டி ரெடியாடா?"

"ரெ... ரெடிக்கா."

"ஏன் இழுக்கிற?"

"தும்மல் வந்துச்சுக்கா."

"நாலு மணிக்கு லோடு. நானே வர்றேன்."

தம்பி குனிந்து பார்த்தான். கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் கீழ் சிலிண்டரிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பெடலை அமுக்கினால் எண்ணெய் குழாய் வழியாக ஓடிவந்து இந்தச் சிலிண்டரைத் தள்ள வேண்டும். உள்ளே ரப்பர் கிழிந்திருந்தால் எதைத் தள்ளுவது? மெக்கானிக் வெளியூர் போயிருந்தான். தம்பி இந்த வேலையை இரண்டு முறை பார்த்திருக்கிறான், டார்ச் பிடித்தபடி. அந்தத் தைரியத்தில் ஓடிப்போய்ப் புது சிலிண்டர் வாங்கிக்கொண்டு ஒரு மணிக்குத் திரும்பினான்.

பெடல் அமுக்க ஓர் ஆள் வேண்டும். வாட்ச்மேனைக் கூப்பிட முடியாது. கேட்டை விட்டு அசைந்தால் வேலை போய்விடும் என்று அக்கா சொல்லியிருந்தாள். மிச்சமிருந்தவர் அக்கா வீட்டுக்காரர். தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டத் தெரியாது. வீட்டில் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

"உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா?" என்றார் மாமா, ஏணியில் ஏறுகிறவர் மாதிரி கேபினைப் பிடித்தபடி.

"தெரியக்கூடாதுன்னுதான் மாமா இவ்வளவும்."

லாரியின் கைபிரேக் ஆறு மாதமாக வெறும் அலங்காரம். அதனால் நிறுத்தும்போதெல்லாம் முதல் கியரில் போட்டு, வலப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கல் வைப்பது தம்பியின் வழக்கம். கியர் ஒன்றே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் க்ளட்ச் சரியாகிவிட்டால், பெடலை அமுக்கிய நொடியில் கியர் கையை விட்டுவிடும். அப்புறம் கல்தான் கதி. அவன் இடப்பக்கமாக அட்டையை விரித்து, கால்கள் பின்சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, மல்லாந்து உள்ளே நகர்ந்தான். மூக்குக்கு ஒரு முழம் மேலே ஐந்து டன் இரும்பு.

"மாமா, கல்லு வச்சிருக்கேன்ல?"

"காலையில நீ வைக்கிறத என் கண்ணால பார்த்தேனே மாப்ள."

பழைய சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

"மாமா, நான் காத்து போற நிப்பிளைத் திறந்துட்டு 'அமுக்கு'ன்னு சொல்லுவேன். மெதுவா அமுக்கி அப்படியே பிடிச்சுக்கணும். நான் மூடிட்டு 'விடு'ன்னு சொன்ன பிறகுதான் காலை எடுக்கணும். நடுவுல எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும்."

"இதுகூடப் புரியாதா எனக்கு?"

"அமுக்கு."

டப். மாமாவின் கால் இறங்கியது. அடுத்த நொடியே ஏறியது. முப்பது வருடப் பழக்கம். முத்திரையைக் குத்தினால் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மை பரவும்.

"மாமா! பிடிங்க!"

"பிடிச்சேனே!"

"எங்க பிடிச்சீங்க? காத்தை உறிஞ்சிடுச்சு! மறுபடி. அமுக்கு."

டப். டப்.

"எதுக்கு ரெண்டு தடவை?"

"முதல் தடவை சரியா விழலையோன்னு..."

பதினெட்டாவது தடவையில் மாமா பெடலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அதற்குள் மேலே டப்பாவில் எண்ணெய் தீர்ந்து, போன காற்றைப் போல இரண்டு பங்கு உள்ளே வந்திருந்தது.

"எண்ணெய் ஊத்துங்க மாமா. பார்த்து, சிந்தாம."

கீழே சொட்டுச் சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல், கொஞ்சம் மெலிந்து: "மாப்ள, இந்த எண்ணெய் பட்டா பெயின்ட் கொப்புளிக்குமா?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அக்கா பத்து நாள் முன்புதான் பக்கத்தில் நின்று அடிக்கவைத்த நீல பெயின்ட்.

"எவ்வளவு?"

"ஒரு தோசைக்கல் அளவு. துடைச்சேன். துடைக்கத் துடைக்கப் பெரிசாகுது."

"தொடாதீங்க! பெடலுக்குப் போங்க."

மணி இரண்டரை. எண்ணெயில் குமிழி வருவது நின்றிருந்தது. தம்பி நிப்பிளை இறுக்கி மூடினான். "இப்ப முழுசா ஒரு அமுக்கு அமுக்குங்க. சிலிண்டர் தள்ளுதான்னு பார்க்கிறேன்."

மாமா அமுக்கினார். சிலிண்டர் சோம்பேறி மாதிரி அரை விரல் நகர்ந்து நின்றது.

"பஞ்சு மாதிரி இருக்கு மாப்ள."

தம்பி டார்ச்சை அடித்து உற்றுப் பார்த்தான். சிலிண்டரைத் தலைகீழாக மாட்டியிருந்தான். நிப்பிள் கீழே இருந்தது. காற்று மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறது.

மறுபடி கழற்றினான். அவசரத்தில் போல்ட் நழுவி முகத்தில் விழுந்தது. வெளியே காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. லாரி லேசாக முனகிய மாதிரி இருந்தது.

"மாமா, கல்லு இருக்குல்ல?"

"எத்தனை தடவ கேப்ப? கல்லுக்குக் கால் முளைச்சு ஓடியா போகும்?" மாமா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "இந்தக் காத்துக்கு நம்ம கேட்டு டமார் டமார்னு அடிச்சுக்கணுமே. ஒரு வாரமா ஊரையே கூட்டுச்சு. இன்னைக்கு மூச்சே விடல."

"அக்கா அதையும் மிரட்டி வச்சிருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அன்று அவர்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மூன்று இருபத்தைந்துக்கு எண்ணெய் கண்ணாடி போல வந்தது. ஒரு குமிழி இல்லை. தம்பி நிப்பிளை மூடினான். வியர்வை கண்ணில் இறங்கியது.

"அவ்வளவுதான் மாமா. இன்னும் ஒரே ஒரு அமுக்கு. முழுசா, தரை வரைக்கும். சிலிண்டர் தள்ளுறத என் கண்ணால பார்த்துட்டு வெளிய வந்துடுறேன்."

"அமுக்கட்டுமா?"

"அமு..."

"டேய்."

மெதுவான குரல். மாமாவின் கால் பெடலுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. லாரிக்கு அடியிலிருந்து தம்பிக்கு இரண்டு செருப்புகள் தெரிந்தன. அக்கா அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள்.

"பெயின்டுக்கு என்ன ஆச்சு?"

"ஒரே நிமிஷம்க்கா. ஒரு அமுக்கு. முடிஞ்சிடும்."

"வெளிய வா."

"அக்கா, ஒரே ஒரு..."

"வெளிய வாடான்னேன்."

தம்பி நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றான். மாமாவும் சத்தமில்லாமல் இறங்கி அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அக்கா கொப்புளித்த பெயின்டை நகத்தால் சுரண்டினாள். அது தோலாக உரிந்து வந்தது. அவள் கையை நீட்டினாள். தம்பிக்குப் புரிந்தது. பையிலிருந்து சாவியை எடுத்தான். இருபது வருடச் சாவி.

அப்போது வாட்ச்மேன் நெஞ்சோடு ஏதோ கனமாக அணைத்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா, கேட்டு அடிச்சா வேலை போயிடும்னு சொன்னீங்களேன்னு, காலையில ஒன்பது மணிக்கு இந்த லாரி சக்கரத்துல இருந்த கல்லு ரெண்டையும் எடுத்து கேட்டுக்கு முட்டுக் குடுத்திருந்தேன். இப்ப காத்து நின்னுடுச்சு. திருப்பி வச்சிடவா?"

கற்கள் வைக்கப்பட்டன. அடியில் யாரும் இல்லை என்று அக்காவே குனிந்து பார்த்தாள். பிறகு மாமா ஏறிப் பெடலை அமுக்கினார். லாரி நான்கு விரல் முன்னால் நகர்ந்து, கல்லில் முட்டி நின்றது. பின்சக்கரம் அட்டையின் ஓரத்தில் ஏறியிருந்தது. அக்கா சாவியைக் கேட்கவில்லை.