சிவப்புச் சீட்டு ஒட்டிய மனு

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த அக்கா மகளுக்கு, தாய்மாமன் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் வராந்தா பெஞ்சிலிருந்து எழுதுவது. நான் நலம். உன் நலத்தை உன் அம்மா மூன்று வேளையும் போனில் சொல்லிவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமைக்குள் பட்டச் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று நீ அழுதது காதிலேயே நிற்கிறது. அதனால் சாதாரண மனுவா எழுதுவேன்? பக்கத்து வீட்டு ஆங்கில வாத்தியாரை எழுப்பி, விரைவுபடுத்து என்பதற்கு இருப்பதிலேயே கனமான சொல்லாகக் கேட்டேன். "எக்ஸ்பெடைட்" என்றார். மூலம் லத்தீனாம், காலில் பூட்டிய விலங்கைக் கழற்றிவிடுவது என்று பொருளாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மனுவின் தலையில் மூன்று முறை எழுதினேன். அதைப் பார்த்ததும் கவுண்டர் குமாஸ்தா எழுந்தே நின்றுவிட்டார். அதாவது உட்கார்ந்துதான் இருந்தார், மனசுக்குள் நின்றார். லத்தீன் கதையையும் எடுத்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டாத குறை.

"முடிச்சிட்டீங்களா சார்? அவசரம்னு எழுதினா சிவப்புச் சீட்டு ஒட்டணும். ஒட்டினா துணைப் பதிவாளர் பார்க்கணும்."

"பார்க்கட்டுமே!"

"பயிற்சிக்குப் போயிருக்காரு. வர பதினஞ்சு நாளாகும்."

"அப்ப அவசரமில்லாத மனுவெல்லாம்?"

"அதுக்கெல்லாம் நானே உடனுக்குடன் சான்றிதழ் குடுத்துருவேன்."

விடுவேனா? முதல் மனுவை எக்ஸ்பெடைட் செய்யக் கோரி இரண்டாவது மனு கொடுத்தேன். அதற்கும் சிவப்புச் சீட்டு. மறுநாள் மூன்றாவது. இப்போது அந்த அறையிலேயே தடிமனான கோப்பு உன்னுடையதுதான், வாசலிலிருந்தே தெரிகிறது. எனக்குப் பின்னால் வந்தவனெல்லாம் சான்றிதழோடு போகிறான், நான் மட்டும் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் துணைப் பதிவாளரோ என்று எழுந்து எழுந்து உட்கார்கிறேன். கலங்காதே. நாளைய மனுவுக்கு இதைவிடப் பெரிய சொல்லாகப் பார்த்துவைக்கும்படி வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ பெரிய அதிகாரியாகி, மாமனை வாசலில் காக்க வைக்காத மனசோடு நீடு வாழ்க.

இப்படிக்கு,
உனக்காக ஓடி உழைக்கும் தாய்மாமன்

பி.கு.: இதை மடிக்கும்போது உன் அத்தை வந்து நின்றாள். "மூணு நாளா இங்க உக்காந்து என்னதான் கிழிக்கிறீங்க? நகருங்க" என்று நேரே கவுண்டருக்குப் போய், வெள்ளைத்தாளில் இரண்டே வரி எழுதி நீட்டினாள். அரை மணியில் சான்றிதழ், இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் நான் வாங்கியதாகவே சொல். "அவசரமாம்மா?" என்று குமாஸ்தா கேட்டதற்கு, உனக்காக இரண்டு ராத்திரி தூங்காத அந்த மகராசி, "ஒரு அவசரமும் இல்லப்பா, மெதுவா குடு" என்றாள்.