ஒரு மீனுக்கு இரண்டு தூண்டில்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலத்தை விசாரிப்பது முறை; விசாரித்துவிட்டேன். என் நலத்தை நீங்கள் விசாரிக்க வேண்டாம், அதைக் கெடுத்ததே நீங்கள்தான். இரண்டு கையும் தோளுக்கு மேல் எழவில்லை, பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை மகள், அதாவது கல்யாணப் பெண்ணே, இதை எழுதுகிறாள்.

மாப்பிள்ளையின் அப்பா கல்யாணத்தை அடுத்த மாதம் வைக்கலாம் என்றார், நான் ஆண்டுக் கடைசி என்றேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இப்ப கடல் வெதுவெதுன்னு இருக்கு, பாறைப் பக்கம் மீன் குவியுற சீசன். ரெண்டு அப்பாவும் ஒரு படகு பேசித் தூண்டில் போட்டுட்டு வாங்க, தேதியோட திரும்புவீங்க" என்றீர்கள். ஊருக்கெல்லாம் குழாயில் தண்ணீர் விட்டு ஓய்வு பெற்றவன் நான். மூடுவதற்கு வால்வே இல்லாத தண்ணீரை அன்றுதான் பார்த்தேன்.

கரை மறையும் முன்பே குடல் வாய்க்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா, அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார். நல்ல மனிதர் என்று நினைத்து வாங்கி முகர்ந்தேன். அதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "உங்க காலத்துல எங்க தெருவுக்குத் தண்ணியே வந்ததில்ல" என்றார். "வந்துச்சு, உங்க கடைக் கண்ணாடி போட்டுப் பாத்ததால தெரியல" என்றேன். அவ்வளவுதான். அவர் படகின் வலப்பக்கம், நான் இடப்பக்கம், முதுகுக்கு முதுகு. நடுவில், துணைக்கு வந்த இவளும் மாப்பிள்ளையும் இரைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பவளப்பாறைக்கு மேலே படகுக்காரர் நங்கூரம் போட்டார். தூண்டில் நரம்பை இறக்கிக் கொஞ்ச நேரம்தான், என் தூண்டிலில் ஒரு இழுப்பு பாருங்கள் மச்சான், கோல் வில்லாக வளைந்துவிட்டது! குமட்டல் போன இடம் தெரியவில்லை. அதே நேரம் பின்னால் அவரும் "மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!" என்று குதிக்கிறார். நான் இழுத்தால் அவர் அலறுகிறார், அவர் இழுத்தால் நான் கடலுக்குள் போகப் பார்க்கிறேன், இது ஏன் என்று யோசிக்க எங்களுக்கு நேரம் ஏது? "விடாதீங்க சம்பந்தி!" என்று கத்தினார். முதன்முதலாக என்னைச் சம்பந்தி என்றார் மச்சான்! "நீங்களும் விடாதீங்க சம்பந்தி, காலை முட்டுக் குடுத்துக்குங்க!" என்று நானும் கத்தினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தபோதுகூட வந்ததில்லை. மாப்பிள்ளை எழுந்து என்னவோ சொல்லப் போனார், இவள் அவர் வாயைப் பொத்தினாள். படகுக்காரர் இன்ஜின் மேல் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்ததும் படகுக்காரரே நீளக் கம்பு ஒன்றை விட்டு, படகுக்கு அடியிலிருந்து இரண்டு நரம்பையும் சேர்த்துத் தூக்கினார். என் கொக்கி, சம்பந்தி கொக்கிக்குள். நீரோட்டம் கொண்டுபோய்க் கோத்திருக்கிறது. மீன் என்று பேருக்கு ஒரு செதில் கிடையாது. அத்தனை நேரமும் நான் அவரை இழுத்திருக்கிறேன், அவர் என்னை இழுத்திருக்கிறார்!

"என் மீனைக் கெடுத்ததே நீங்கதான்" என்றார். "உங்க மீன்னு ஒண்ணு இருந்தாத்தானே கெடுக்கறதுக்கு" என்றேன். கரை வரும்வரை மறுபடியும் முதுகுக்கு முதுகு. எனக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரோடு எப்படிச் சம்பந்தம் வைத்துக்கொள்வது? ஆகவே இந்தக் கல்யாணப் பேச்சை இத்தோடு நிறுத்திவிடுங்கள். எழுதுன்னா எழுது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா ஆச்சா? இதை ஏன் எழுதறே?

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. எனக்குக் கை தூக்க வராததால் இரண்டையும் என் சார்பில் நீங்களே செய்துவிடவும்.

இப்படிக்கு,
இரண்டு தோளையும் கடலில் விட்டு வந்த தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மாமா, இது நானாக எழுதுவது. அப்பா சொல்லி முடித்ததும் போன் அடித்தது. நான்தான் அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். "சம்பந்தி, எனக்கு ஸ்பூன் பிடிக்க வரல, உங்களுக்கு?" என்றது அந்தப் பக்கம். "எனக்குச் சட்டை மாட்ட வரல சம்பந்தி" என்றார் அப்பா. "உங்க பலம் எந்த மீனுக்கு வரும்!" என்று மாற்றி மாற்றிச் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணம் உறுதியாகிவிட்டது. ஆனால் சீசன் முடியும்வரை எல்லா ஞாயிறும் படகு பேசிவிட்டார்களாம், கல்யாணத் தேதியை அதற்கப்புறம் பார்க்கலாமாம், அதுவரை நாங்கள் இருவரும் இரைப் பெட்டி தூக்க வேண்டுமாம். தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து இவர்களுக்குள் ஒரு சின்னச் சண்டை மூட்டிவிடுங்கள் மாமா. படகு ஏறாத அளவுக்குப் போதும், கல்யாணம் நிற்கிற அளவுக்கு வேண்டாம்.