அய்யாசாமி வீட்டு வேலி

தசரதன் சைக்கிளை வேலிக் கம்பத்தில் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தான். சைக்கிளும் நிற்கவில்லை, கம்பமும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து வீட்டுக்காரரின் மிளகாய்ப் பாத்தியில் படுத்துக்கொண்டன.

நாகவல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம்.

"இன்னாங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. கம்பம் வுயுந்துடுச்சி."

"எந்தக் கம்பம்? அவரு வேலிக் கம்பமா?"

தசரதன் குனிந்து சைக்கிளைத் தூக்கினான். மேனாம்பேட்டில் இந்த வீட்டுக்குக் குடிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாதத்துக்கொரு கம்பெனி திறந்துகொண்டிருந்த வருஷம் அது. மாட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடித்தாலும் குடிவர ஆள் இருந்தது. பிரசவம் எங்கள் வீட்டில் வேண்டாம் என்று ஏழு பேர் கைவிரித்த பிறகு கிடைத்த இடம் இது. அதையும் வீட்டுக்காரர் அய்யாசாமி ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார்.

"சொவத்துல ஆணி அடிச்சிக்கோ, நான் கேக்க மாட்டேன். என் வேலிக்கு ஒண்ணு ஆச்சின்னா மட்டும் அன்னிக்கே காலி பண்ணணும்."

இப்போது அவர் பருத்திப்பட்டில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் திரும்பிவிடுவார்.

தரையோரம் முறிந்திருந்த கம்பத்தைத் தசரதன் நிமிர்த்திச் செங்கல்லால் அண்டை கொடுத்தான். அது விழுந்தது. துணிக் கொடியை அவிழ்த்துவந்து, பக்கத்துக் கம்பத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டினான். பக்கத்துக் கம்பம் இந்தப் பக்கம் வந்தது.

"ஒண்ணா சாஞ்சிது. இப்ப ரெண்டா சாயிது" என்றாள் நாகவல்லி.

"பேசாத. பெரிய ஆணி இருந்தா எடுத்துகினு வா."

கம்பெனியில் அவன் ஃபிட்டர். இரும்பு அவன் சொன்னபடி கேட்கும். முறிந்த இடத்தில் ஒரு பலகையை வைத்து, அம்மிக் குழவியால் ஆணியை அடித்தான். மூன்றாவது அடியில் கம்பம் கரும்பு மாதிரி நெடுக்காகப் பிளந்தது.

அவன் குழவியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த இடைவெளியில் இரண்டு ஆடுகள் உள்ளே நுழைந்தன. விரட்டுவதற்குள் மிளகாய்ப் பாத்தியில் பாதி போய்விட்டது. விரட்டிய பிறகு அவை வந்த வழியாகப் போகவில்லை. கம்பியை முட்டிக்கொண்டு ஓடியதில் மூன்றாவது கம்பமும் சாய்ந்தது.

தசரதன் திரும்பிப் பார்த்தான். நாகவல்லி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றே?"

"அவரு வந்து சொல்றதுக்கு முன்னாடி நாமளே கட்டிட்டா மரியாதை. ஆனா ஒண்ணுங்க, இன்னொரு ஏழு ஊடு ஏறி எறங்க என் காலு தாங்காது."

அதற்கு மேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. சைக்கிளை மிதித்து ஸ்டேஷன் பக்கத்து மரவாடிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமையானதால் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் போய், அடுக்கியிருந்த மரங்களின் மேல் படுத்திருந்த ஆசாரி வேம்புலியை எழுப்பினான்.

"அண்ணாத்தே, ஒரு வேலிக் கம்பம் அர்ஜண்டா வேணும்."

"எந்த ஊடு?"

"மேனாம்பேடு, அய்யாசாமி ஊடு."

வேம்புலி எழுந்தான். அளவுகூடக் கேட்காமல் ஒரு சவுக்குக் கம்பத்தையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு வந்தான். பிளந்ததைப் பிடுங்கிப் புதியதை நட்டு, சாய்ந்த இரண்டையும் நிமிர்த்தி, கம்பியை இழுத்து முறுக்கினான். மண்ணைக் கெட்டித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் தாம்பூலப் பையோடு அய்யாசாமி வந்துவிட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்கு முன் தசரதன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சைக்கிள், ஆணி, ஆடு, எதையும் விடவில்லை. நாகவல்லி கதவருகே சாக்கைப் பிடித்தபடி நின்றாள்.

அய்யாசாமி புதுக் கம்பத்தைச் சுற்றி வந்தார். இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் தாட்டியா எடுத்திருக்கலாம்" என்றார். "போவட்டும். மொளகாய இன்னொரு தபா நட்டுக்கலாம். புள்ளத்தாச்சிய வெச்சிகினு நீ எங்க போவே? இங்கியே இரு தம்பி."

அவர் உள்ளே போய்விட்டார். நாகவல்லி சாக்கிலிருந்து பாத்திரங்களை வெளியே எடுக்கும் சத்தம் கேட்டது. தசரதனுக்குக் கண் கலங்கியது.

"தங்கமான மனுசன். வேற யாராவதா இருந்தா இன்னேரம் தெருவுல நின்னுகினு இருப்போம்."

வேம்புலி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டான்.

"இந்த வேலிக்கு நான் நடறது இது ஆறாவது கம்பம் சார், ஒவ்வொரு தபாவும் புதுக் குடித்தனம் வர்றதுக்கு மொத நாளு, அவரு என்னாண்டதான் ரம்பம் எரவல் வாங்கினு போவாரு."